புரூக்ளினில் வளர்ந்த பிரான்சி

பெட்டி ஸ்மித் எழுதி 1943-இல் வெளிவந்த அமெரிக்க நாவல் 'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்'. 1912-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கின் புரூக்ளினில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வில்லியம்ஸ்பர்க் பகுதியில் கதை தொடங்குகிறது. நாயகி பிரான்சி நோலனுக்கு அப்போது 11 வயது. தந்தை ஜானி விருந்துகளில் பாடியபடி பரிமாறுபவர். அன்பானவர், ஆனால் குடிக்கு அடிமை. தாய் கேட்டி அடுக்குக் குடியிருப்புகளின் தரையைத் தேய்த்துக் கழுவியே குடும்பத்தைத் தாங்குகிறாள். பிரான்சியும் தம்பி நீலியும் கந்தலும் காகிதமும் பொறுக்கிக் காயலான் கடையில் விற்பார்கள். கிடைக்கும் காசில் பாதி, தரையில் ஆணியடித்துப் பொருத்திய தகர உண்டியலுக்குப் போகும். இரவுதோறும் பைபிளிலும் ஷேக்ஸ்பியரிலும் ஒவ்வொரு பக்கம் படித்தாக வேண்டும். இது படிப்பறிவில்லாத பாட்டி சொன்ன யோசனை!

தந்தை இறந்தபின், ஒரு பிள்ளையை மட்டுமே உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப முடிகிற நிலை. தாய் மகனையே தேர்ந்தெடுக்கிறாள். படிப்பில் தாகமுள்ள மகள் வேலைக்குப் போகிறாள். நாவலின் மிகக் கூர்மையான இடம் இதுவே. இறுதியில் பிரான்சி மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகிறாள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு இந்நாவல் சட்டைப்பைப் பதிப்பாக வழங்கப்பட்டது. 1945-இல் எலியா கசான் இதைத் திரைப்படமாக்கினார். ஜானியாக நடித்த ஜேம்ஸ் டன் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது பெற்றார்.