பதில் வராத பிரார்த்தனை

அரை நூற்றாண்டுக் காலம் கடவுளின் மௌனத்தோடு வாழ்ந்தார் அன்னை தெரசா. ஆனாலும் மண்டியிடுவதை நிறுத்தவில்லை.

கொல்கத்தாவில் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் இருக்கிறது 'மதர் ஹவுஸ்'. அங்குள்ள எளிமையான வெள்ளைக் கல்லறைமுன் மண்டியிட்டு, தங்களுக்காகக் கடவுளிடம் பரிந்து பேசும்படி வேண்டிக்கொள்கிறார்கள் பக்தர்கள். இதில் ஒரு முரண் உண்டு. உள்ளே துயில்பவரின் சொந்தப் பிரார்த்தனைகளுக்கே பல ஆண்டுகள் பதில் வரவில்லை.

உலகுக்கு இது விரிவாகத் தெரிந்தது 2007ல்தான். அன்னை தெரசா தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்களைப் பாதிரியார் பிரயன் கொலோடிசுக் தொகுத்து வெளியிட்டார். அழித்துவிடும்படி அன்னையே கெஞ்சிக் கேட்டிருந்த கடிதங்கள் அவை.

1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளுக்குத் தொண்டு செய்யும்படி இயேசு தன்னை அழைத்ததாக அவர் நம்பினார். அடுத்த சில மாதங்கள் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. 1948ல் லொரெட்டோ மடத்தை விட்டு வெளியேறி, மோதிஜீல் குடிசைப் பகுதிக்குள் நுழைந்தார். அழைத்தவரின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்த பிறகுதான் இருள் சூழ்ந்தது.

பணியைத் தொடங்கிய காலம் முதலே உள்ளுக்குள் ஒரே இருள் என்று 1953ல் ஆர்ச்பிஷப் பெரியருக்கு எழுதினார். தன் புன்னகை வெறும் போர்வை என்றும் பின்னர் குறிப்பிட்டார். 1958ல், மறைந்த போப் பன்னிரண்டாம் பயஸுக்கான திருப்பலியின்போது கடவுளிடம் ஓர் அடையாளம் கேட்டார். இருள் விலகியது. ஆனால் சுமார் ஐந்து வாரம்தான். மீண்டும் மௌனம்.

1961ல் ஜெசூட் பாதிரியார் ஜோசப் நொய்னர் கொடுத்த விளக்கம் அவருக்குக் கை கொடுத்தது. இந்த இருளுக்கு மனிதரிடம் மருந்தில்லை. உணர முடியவில்லை என்பதால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. இத்தனை தாகம் இருப்பதே அவர் மறைந்து நிற்பதற்கு அடையாளம் என்றார் நொய்னர். சிலுவையில் இயேசுவும் கைவிடப்பட்டவராகக் கதறியவர்தானே? இருள் அதன் பிறகும் விலகவில்லை. ஆனால் அதைத் தன் பணியின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டார் தெரசா.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவரை நெடுங்காலம் விமர்சித்துவந்த கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ், மதம் மனிதனின் கற்பனை என்பதை அவரது மனமே உணர்ந்துவிட்டதற்கு இக்கடிதங்கள் சாட்சி என்று வாதிட்டார். சர்ச்சோ 2016ல் அவரைப் புனிதராக அறிவித்தது. கடிதங்களை வைத்து இந்த வழக்கைத் தீர்த்துவிட முடியாது.

ஆனால் அவரது அன்றாட வாழ்க்கை ஒன்றைச் சொல்கிறது. பதில் வராதவர்கள் வழக்கமாகப் பிரார்த்தனையைக் குறைப்பார்கள். தெரசாவின் சபையோ 1973ல் தினமும் ஒரு மணி நேர ஆராதனையைச் சேர்த்துக்கொண்டது. காளிகாட்டில் 1952ல் தொடங்கிய 'நிர்மல் ஹிருதய்' இல்லத்தில், சாகக் கிடந்தவர்களைக் கழுவித் துடைக்கும் வேலையும் நிற்கவில்லை. 1997ல் அவர் இறந்தபோது சபை 120க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருந்தது.

கேட்டது கிடைத்தால் நம்புவது எளிது. கேட்டது கிடைக்காத வீட்டில், நோயாளியின் கட்டிலருகே, மறுநாள் காலையும் எழுந்து அன்றைய வேலையைச் செய்வதுதான் கடினம். அன்னை தெரசா சுமார் 50 ஆண்டுகள் செய்தது அதைத்தான்.