டாக்டர் போனில் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்!

தாய்மார்களே! இருமினால், தும்மினால், காண்டா வாளியைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் உழைத்த பல பெண்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. "புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று துணியைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள். இது தலைவிதி அல்ல, வியாதி. பிரசவத்தில் தளர்ந்த அடித்தசை, பாரம் தூக்கத் தூக்க இன்னும் தளர்ந்துபோகும்.

இதற்கு வைத்தியம் உண்டு. முதலில் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கீகல் 1948-இல் எழுதியது அது. அதில் சரியாகாவிட்டால் ஆபரேஷன். சிறுநீர்க் குழாய்க்கு அடியில் மெல்லிய நாடா வைத்துத் தாங்கச் செய்யும் முறையை 1990-களில் சுவீடன் டாக்டர் உல்ஃப் உல்ம்ஸ்டென் கொண்டுவந்தார். சிலருக்கு அந்த நாடா உள்ளே உறுத்தி வலி கொடுத்ததால், இங்கிலாந்தில் 2018 ஜூலையில் அதை நிறுத்தி வைத்தார்கள். ஆகவே நமக்கு வைப்பது நாடாவா, வேறு முறையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்த பிறகு என்ன? நம் நாட்டில் தொலைமருத்துவச் சட்டம் 1997-லேயே இயற்றப்பட்டது. ஆனால் டாக்டர் போனில் விசாரிப்பதை நம்மவர்கள் பலர் அறிந்தது, 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகுதான்.

தெமியாங் பக்கத்துத் தோட்டங்களில் உள்ளவர்களுக்கு சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைதான் பெரிய ஆஸ்பத்திரி. போய்வர ஒரு நாள் போய்விடும், துணைக்கு வருபவர் சம்பளமும் போய்விடும். போனில் விசாரித்தால் அது மிச்சம். சிக்கல் இல்லாத பெண்கள், நேரில் போனவர்களைப் போலவே போன் விசாரிப்பிலும் திருப்தி அடைந்ததாக வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் போனால் புண்ணைத் தொட்டுப் பார்க்க முடியாது. பையில் சிறுநீர் தேங்கி நிற்கிறதா என்று அளக்கவும் முடியாது. நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். அங்கேதான் சங்கடம். சின்ன வீடு, மகன் கையில் போன், மாமியார் பக்கத்தில். டாக்டர் மலாயில் கேட்கிறார். நம் அக்கா, "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று முடித்துவிடுகிறார்.

அப்படிச் செய்யாதீர்கள். போனை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போங்கள். மலாய் வராவிட்டால் மகளையோ பக்கத்து வீட்டு அக்காவையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை போகிறது, முக்கவேண்டியிருக்கிறதா, கசிவு நின்றதா என்று முதல் நாளே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

கீழ்க்கண்டவை வந்தால் போனுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்:

1. சிறுநீர் வராமல் அடிவயிறு உப்புவது.
2. காய்ச்சல், குளிர், எரிச்சல்.
3. அதிக இரத்தப்போக்கு, கெட்ட வாடை.
4. தொடையிலோ இடுப்பிலோ குறையாத வலி.

சுமார் 6 வாரத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்பார்கள். மருந்து பம்பு, உர மூட்டை, பழக்குலை, தண்ணீர் வாளி எல்லாம் பாரம்தான். மலச்சிக்கலும் ஆகாது.

"போன்லதானே டாக்டர் பேசுறாரு, வேலைக்கு வா" என்று மண்டோர் சொன்னால் பயப்படாதீர்கள். 1955 வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்கும் சிகிச்சை அவசியம் என்று டாக்டர் சான்று தந்தால் 60 நாள்வரை. 2023 ஜனவரி முதல் இது தனிக்கணக்கு. வீடு திரும்பும் நாளிலேயே எம்.சி. கேட்டு வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குள் தோட்ட ஆபீசுக்குத் தெரிவியுங்கள். நகலை வீட்டில் வையுங்கள். மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த 6 வாரமும் வீட்டுத் தண்ணீர் வாளியை நீங்கள் தூக்குங்கள்.