வால்வு மாற்றிய பின்னும் மாத்திரை ஏன்?

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு வீடு திரும்புவோர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வால்வுதான் மாற்றியாகிவிட்டதே, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு?” உலோக வளையம் கொண்ட செயற்கை வால்வு பெற்றவர்களுக்கு, வாழ்நாள் முழுவதும் என்பதே விடை. அதைக் கேட்டதும் முகங்கள் வாடுவதை நாங்கள் காண்கிறோம். இதய அறுவை சிகிச்சை வளர்ந்த கதையை அறிந்தால் இதன் காரணம் தெளிவாகும்.

இரத்தம், தான் ஓடும் குழாயின் உட்சுவரைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் உறையத் தொடங்கும். கையில் வெட்டுப்பட்டால் நம்மைக் காப்பது இக்குணமே. இதய அறுவை சிகிச்சைக்கு நெடுங்காலம் பெருந்தடையாக இருந்தவற்றுள் ஒன்றும் இதுவே.

1894ஆம் ஆண்டு, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற பிரான்சு நாட்டின் லியோன் நகரில், அந்நாட்டின் குடியரசுத் தலைவர் கார்னோ கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். வயிற்றினுள் அறுபட்ட பெரிய இரத்தக்குழாயைத் தைக்கும் முறை அன்று எவருக்கும் கைவரவில்லை. அந்நகரின் இளம் மருத்துவர் அலெக்சிஸ் காரெல், பூத்தையல் செய்யும் ஒரு பெண்மணியிடம் சென்று நுண்ணிய ஊசியையும் மெல்லிய பட்டிழையையும் கையாளக் கற்றார். குழாய்களின் முனைகளை மூன்று இடங்களில் இழுத்துப் பிடித்து, உள்ளே இரத்தம் உறையாதவாறு நெருக்கமாகத் தைக்கும் அவரது முறை 1902இல் வெளியானது. 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதைக் கண்டு வளர்ந்த ஓரிக்கை மக்களுக்கு, அந்தப் பொறுமை எத்தகையது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

குழாயைத் தைக்கலாம், துடிக்கும் இதயத்தைத் திறப்பது எப்படி? 1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் கிப்பன் என்னும் இளம் மருத்துவர், நுரையீரல் குழாயில் இரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்ணின் அருகே இரவு முழுதும் அமர்ந்திருந்தார். அப்பெண் பிழைக்கவில்லை. ‘ஓர் இரவு இருக்கை’ என்பதே ஓரிக்கை ஆயிற்று என்று நம் ஊரின் பெயருக்கு விளக்கம் கூறுவர். கிப்பன் அமர்ந்திருந்த அந்த ஓரிரவே இதய நுரையீரல் இயந்திரம் என்ற எண்ணத்திற்கு வித்தாயிற்று. உடலிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் இயந்திரம் அது. மனைவி மேரியின் துணையோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து, 1953 மே 6 அன்று 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத்திலிருந்த துளையை அவர் வெற்றியுடன் மூடினார். அடுத்து வந்த குழந்தைகளைக் காப்பாற்ற இயலாமையால் மனம் உடைந்து அப்பணியை நிறுத்தினார். பிறர் அதைத் தொடர்ந்தனர்.

அந்த இயந்திரத்தின் குழாய்களைத் தொடும் இரத்தமும் உறையவே முயலும். அதைத் தடுக்கும் ஹெபாரின் மருந்து 1916இல் கண்டறியப்பட்டிராவிட்டால் இயந்திரமே பயன்பட்டிருக்காது. இன்றும் அதைச் செலுத்திய பின்னரே நோயாளியை இயந்திரத்துடன் இணைக்கிறோம்.

இவ்வறிவு நம் பகுதிக்கு வந்த வழி வேலூர். இங்கிருந்து மேற்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், 1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் மார்பு அறுவை சிகிச்சைத் துறையை உருவாக்கினார். காசநோயால் சிதைந்த நுரையீரல்களே அன்று பெரும் சுமை. 1960களின் தொடக்கத்தில் அங்கே என். கோபிநாத் இயந்திரத்தின் துணையுடன் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்து, இந்தியாவில் அத்துறைக்கு வழிவகுத்தார். இயந்திரமின்றி, துடிக்கும் இதயத்தினுள் நுழைந்து, சுருங்கிய மைட்ரல் வால்வை விரித்துவிடும் மூடிய முறையும் அங்கே பெருமளவில் கையாளப்பட்டது. 1983இல் ஸ்டான்லி ஜான் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் அவ்வாறு சிகிச்சை பெற்றோர் 3,724 பேர். இத்தனை பேருக்கு வால்வு கெடக் காரணம், சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல். பிள்ளைகளுக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி தவறக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

விரிக்க முடியாத அளவு கெட்ட வால்வை மாற்றியாக வேண்டும். இறக்குமதி வால்வின் விலையோ பலருக்கு எட்டாதது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வு உருவாக்கும் முயற்சி தொடங்கியது. முதல் மாதிரிகள் தோற்றன. ஒன்றில் உலோகத் தாங்கி முறிந்தது, மற்றொன்றில் செயற்கை நீலக்கல் வட்டு உடைந்தது. பின்னர், உறுதியான உலோகக் கூடு, பாலிஎத்திலீன் வட்டு, இதயத்தோடு தைப்பதற்கான பாலியெஸ்டர் துணி வளையம் ஆகியவற்றால் ஆன வால்வு, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இவ்வட்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது. ஆயினும் இரத்தத்தைப் பொறுத்தவரை அது அந்நியப் பொருளே. மாத்திரை நின்றால் வட்டின் விளிம்பில் உறைவு படிந்து வால்வு சிக்கிக்கொள்ளலாம். உறைவு பிரிந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரலாம். முகூர்த்த மாதங்களில் தறியை விட்டு எழ நேரமில்லை என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரப்படுவதை நாங்கள் பார்க்க நேர்கிறது. மிகவும் வருந்தத்தக்க நிகழ்வு அது, பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதும்கூட.

வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை கொண்டே அதனை நிர்ணயிக்கிறோம். கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. உண்ணும் அளவு வாரத்திற்கு வாரம் பெரிதும் மாறாதிருந்தால் போதும். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ எதுவாயினும் எங்களைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம். பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் வால்வைப் பற்றிச் சொல்லுங்கள். குழந்தைப்பேற்றை எண்ணும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே எங்களைச் சந்திக்க வேண்டும். ஈறிலோ மூக்கிலோ நில்லாத இரத்தக்கசிவு, கருநிற மலம், திடீர் மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் எது தோன்றினாலும், இரவாயினும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். சிலருக்கு இரவின் அமைதியில் வால்வின் மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்கும். அவ்வொலி மங்கினாலும் காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.