கார் ஏசியில் குளிர் வரலையா? கேஸ் நிரப்பும் முன் இந்தச் சின்ன ஸ்விட்சைக் கவனியுங்கள்

ஏசி ஆனில் இருக்கிறது. ப்ளோயர் முழு வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் வருவதோ அனல் காற்று. ஒர்க் ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். "கேஸ் தீர்ந்துடுச்சு, ஃபில் பண்ணிடலாம்" என்பார்கள். இல்லையென்றால், "கம்ப்ரஸர் போயிடுச்சு, மாத்தணும்" என்பார்கள். முதலாவதுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இரண்டாவது ஒரு மாத வாடகையையே விழுங்கிவிடும்.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு: கட்டைவிரல் அளவே இருக்கும் பிரஷர் ஸ்விட்ச். இது கெட்டுப்போனால் கேஸ் முழுசா இருந்தாலும், கம்ப்ரஸர் நல்லா இருந்தாலும் ஏசி குளிராது. சிக்கல் என்னவென்றால், கேஸ் உண்மையிலேயே கசிந்து போனாலும் இதே அறிகுறிதான் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எதை மாற்றினாலும் அது உங்கள் பணத்தில் நடக்கும் பரிசோதனைதான்.

இந்த ஸ்விட்ச் என்ன வேலை பார்க்கிறது?

இது ஏசி சிஸ்டத்தின் காவலாளி. பெரும்பாலான கார்களில் கண்டென்சருக்குப் பக்கத்தில், அதிக அழுத்தம் உள்ள அலுமினியக் குழாயில் அல்லது ரிசீவர் டிரையரில் திருகப்பட்டிருக்கும். உள்ளே ஓடும் கேஸின் அழுத்தத்தைப் பார்த்து, கம்ப்ரஸரை ஓடவிடலாமா நிறுத்தலாமா என்பதைச் சொல்லும்.

அழுத்தம் தோராயமாக 2 பாருக்குக் கீழே, அதாவது கிட்டத்தட்ட உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்துக்குக் கீழே போனால், கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கம்ப்ரஸருக்குத் தேவையான ஆயிலை கேஸ்தான் சுமந்து செல்கிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேய்ந்து ஜாம் ஆகிவிடும். மறுபக்கம், அழுத்தம் சுமார் 32 பாரைத் தொட்டாலும் நிறுத்தும். குழாய் வெடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. பல கார்களில் 15 பார் அளவில் கண்டென்சர் ஃபேனை வேகப்படுத்தும் வேலையும் இதற்கு உண்டு.

புதிய மாடல்கள் பலவற்றில் ஆன்-ஆஃப் ஸ்விட்சுக்குப் பதிலாக மூன்று வயர் கொண்ட பிரஷர் சென்சார் இருக்கிறது. இது அழுத்தத்தை வோல்டேஜாக மாற்றி இசியூவுக்குச் சொல்லும், முடிவெடுப்பது இசியூ.

என்ன அறிகுறிகள் தெரியும்?

ஏசி பட்டனை அழுத்தியதும் பானெட்டுக்குள் வழக்கமாகக் கேட்கும் 'டிக்' சத்தம் கேட்காது. கம்ப்ரஸர் கிளட்ச் இழுக்காது. சில நேரம் கம்ப்ரஸர் சில விநாடிக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்கும். கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் உள்ள கார்களும் உண்டு; அவற்றில் இந்தச் சத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இன்னொரு வகை: வண்டி ஓடும்போது நல்லா குளிரும், சிக்னலில் நின்றால் அனல். பெங்களூரு சில்க் போர்டு ஜங்ஷனிலோ குருகிராம் ஹைவேயிலோ மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இங்கே ஸ்விட்சைச் சந்தேகிப்பதற்கு முன் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, கண்டென்சரில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் ஓடவில்லையென்றால் அழுத்தம் ஏறும், ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்தும். அது ஸ்விட்சின் கோளாறு இல்லை. தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

இன்ஜின் அதிகமாகச் சூடானாலும் இசியூ ஏசியை நிறுத்திவிடும். டெம்பரேச்சர் மீட்டர் மேலே ஏறியிருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்விட்ச் பொய் சொல்கிறதா, உண்மை சொல்கிறதா?

மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வரிசையாகப் பார்த்தால் குழப்பம் வராது.

1. காசு செலவில்லாத சோதனை முதலில். ஏசி ஃபியூஸ், ரிலே இரண்டையும் பாருங்கள். ஸ்விட்சின் பிளக்கைக் கழற்றி, உள்ளே பச்சை படிந்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள். பல 'ஸ்விட்ச் கோளாறு' இங்கேயே முடிந்துவிடும்.

2. அடுத்தது கேஜ். இன்ஜினை அணைத்து, சூடு ஆறிய பிறகு ஏசி லைனில் கேஜ் மாட்டி அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஓடும் கார்களில் பரவலாக உள்ளது ஆர்134ஏ கேஸ். வெளி வெப்பநிலை 35 டிகிரி என்றால், இன்ஜின் ஓடாத நிலையில் இது சுமார் 110 முதல் 115 பிஎஸ்ஐ காட்டும். 40 டிகிரி வெயிலில் 130-ஐத் தாண்டும்.

3. இரண்டு வயர் ஸ்விட்ச் என்றால் மல்டிமீட்டர் போதும். அழுத்தம் மேலே சொன்ன அளவில் இருக்கும்போது ஸ்விட்சின் இரு முனைகளுக்கு இடையே தொடர்பு இருக்க வேண்டும். அழுத்தம் இருந்தும் தொடர்பு இல்லையென்றால் ஸ்விட்ச் பொய் சொல்கிறது, மாற்றலாம். கேஜிலேயே அழுத்தம் இல்லையென்றால் ஸ்விட்ச் உண்மையைத்தான் சொல்கிறது. எங்கோ லீக் இருக்கிறது.

4. மூன்று வயர் சென்சார் என்றால் ஸ்கேனர் மாட்டி, அது காட்டும் அழுத்தத்தை கேஜ் காட்டுவதோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் சென்சார் சரி. கேஜ் 115 காட்டும்போது ஸ்கேனர் பூஜ்யம் காட்டினால், முதலில் சென்சாருக்கு 5 வோல்ட் சப்ளையும் எர்த்தும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு சென்சாரை மாற்றலாம். பி0530 முதல் பி0533 வரையிலான எரர் கோடுகள் இந்தச் சென்சாரையும் அதன் வயரிங்கையும் குறிப்பவை. கோடு வந்தாலே சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வயர் அறுந்தாலும் அதே கோடு வரும்.

ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடாதபோது அழுத்தம் சரியாக இருப்பதால் கேஸ் முழுசா இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சமையல் கேஸ் சிலிண்டரில் பாதி தீர்ந்த பிறகும் அடுப்பு அதே வேகத்தில் எரிவதுபோலத்தான் இதுவும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் அப்படியே நிற்கும். ஆனால் ஸ்விட்சைச் சோதிக்க அந்த அழுத்தம் போதும்.

'டைரக்ட் பண்ணிடலாமா?'

சில இடங்களில் ஸ்விட்சை விட்டுவிட்டு இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, "ஓடுது பாருங்க" என்பார்கள். ஏசி குளிரும்தான். ஆனால் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்த முறை கேஸ் கசிந்தால் கம்ப்ரஸரை நிறுத்த யாரும் இல்லை. கேஸ் இருப்பதை கேஜில் உறுதி செய்த பிறகு, சோதனைக்காகச் சில விநாடிகள் மட்டும் மெக்கானிக் இப்படிச் செய்வது வேறு. மூன்று வயர் சென்சாரில் அதுவும் கூடாது, இசியூவுக்கே ஆபத்து.

மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சில கார்களில் ஸ்விட்சுக்கு அடியில் டயர் வால்வ் போன்ற ஒரு வால்வ் இருக்கும். ஸ்விட்சைக் கழற்றியதும் அது தானாக மூடிக்கொள்ளும். கேஸை இறக்க வேண்டியதில்லை. வேறு கார்களில் அந்த வால்வ் கிடையாது. ஸ்விட்சைக் கழற்றினால் மொத்த கேஸும் சீறிக்கொண்டு வெளியே வரும். ஆர்134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உங்கள் மாடல் எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலில் உறுதி செய்யாமல் வீட்டில் கை வைக்காதீர்கள். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் ஏசி கம்ப்ரஸருக்குப் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

வால்வ் இல்லாத கார் என்றால் ரெக்கவரி மெஷினில் கேஸை உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்றில் திறந்துவிடக் கூடாது. புவியைச் சூடாக்குவதில் ஆர்134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு வீரியம் கொண்டது என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இவ்வகை வாயுக்களைக் குறைப்பதற்கான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது.

புது ஸ்விட்ச் போடும்போது ஓ-ரிங்கும் புதிதாக இருக்க வேண்டும். ஏசி ஆயில் தடவி, முதலில் கையால் திருகிவிட்டுப் பிறகு அளவாக இறுக்க வேண்டும். அலுமினிய மரை என்பதால் பலம் காட்டினால் போய்விடும். கேஸை இறக்கியிருந்தால் வேக்யூம் போட்டு, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுப்படி நிரப்ப வேண்டும். கடைசியில் லீக் டெஸ்ட்.

ஒர்க் ஷாப்பில் என்ன கேட்கலாம்?

"கேஜ்ல எவ்வளவு காட்டுச்சு?" இதுதான் முதல் கேள்வி. அந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "கேஸ் குறைஞ்சிருக்கு" என்றால், "எங்க லீக்?" என்று கேளுங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிவருவது. ஒவ்வொரு கோடையிலும் நிரப்ப வேண்டியிருந்தால் லீக்கைச் சரிசெய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லையும் வாங்குங்கள்; வேலை முடித்துவிட்டு பில் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேஜ் மாட்டாமலே "கம்ப்ரஸர் போச்சு" என்று யாராவது சொன்னால், அன்றைக்குப் பணம் கட்டாதீர்கள். கேஜ் மாட்டிப் பார்க்கும் இன்னொரு இடத்துக்கு வண்டியைத் திருப்புங்கள்.