பனியே பெய்யாத ஊரில் பனிமாதா, சக்கரமே இல்லாத தேர்! தெரியுமா?

ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் தேரேற, ரத வீதி நான்கும் திமிலோகப்படும். விருதுநகர் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதே ஆடியில், இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், கடலோரத்து ஊர் ஒன்று இன்னொரு தாய்க்காக இதேபோல் திமிலோகப்படுகிறது, தெரியுமா? தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5. அந்தத் தேதி எந்த வருஷமும் ஆடிக்குள்தான் விழும். 2024-ல் திங்கட்கிழமை அங்கே லீவு, ஒருநாள் விட்டுப் புதன்கிழமை ஆடிப்பூரத்துக்கு இங்கே லீவு! இரண்டு ஊரிலும் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்களுக்கு அந்த வாரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அது சரி, வெயிலில் உப்பு விளைகிற ஊருக்குப் பனிமாதா எப்படி வந்தார்? அந்தக் கதை தொடங்குவது ரோமில். நாலாம் நூற்றாண்டில், ஒரு ஆகஸ்ட் மாதத்துக் கொளுத்தும் வெயிலில், எஸ்குவிலின் குன்றின் மேல் மட்டும் பனி பெய்ததாம். பனி விழுந்த இடத்தில் கோயில் கட்டும்படி மாதாவே கனவில் சொன்னதாக ஐதீகம். அப்படி எழுந்ததாகச் சொல்லப்படுவதுதான் இன்றைய மரியா மஜோரே பேராலயம். இப்போதும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அன்று அந்தக் கோயிலின் விதானத்திலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுகிறார்கள். பூசை நடக்கும்போதே தலைக்குமேல் பனி பெய்கிறது! போப் பிரான்சிஸ் தன்னை அடக்கம் செய்யச் சொல்லித் தேர்ந்தெடுத்த இடமும் இதுதான். 2025 ஏப்ரல் 26 அன்று அங்கேதான் அவரை அடக்கம் செய்தார்கள்.

இனி தூத்துக்குடிக் கோயிலில் இருக்கும் மாதா சுரூபம், அதாவது சிலை. மணிலாவில் கன்னியர் மடம் ஒன்றில் இருந்தது, ‘சாந்தா ஹெலனா’ என்ற கப்பலில் 1555 ஜூன் 9 அன்று கரைசேர்ந்தது என்பது ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. இதில் ஒரு விசித்திரம் உண்டு, தெரியுமா? மணிலாவில் ஸ்பானியர் நகரம் அமைத்ததே 1571-ல்தான்! பிறகு 1555-ல் அங்கே கன்னியர் மடம் ஏது? ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். திருவிழாவுக்கு வரும் கூட்டத்துக்கு அந்தக் கவலையே இல்லை.

ஜூலை 26 கொடியேற்றத்தை ஒருமுறை பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும். ஆயர் மந்திரித்துக் கொடி ஏறுகிற அந்த நொடியில் புறாக்கள் பறக்கும், துறைமுகத்திலிருந்து சங்கு ஊதும், கொடிமரத்தடியில் பாலும் பழமும் நேர்ச்சையாக வந்து சேரும். கொடிமரம், நேர்ச்சை, சப்பரம், தேர்... நம்மூர்க் கோயிலில் கேட்காத சொல் இதில் ஒன்று உண்டா?

இந்தத் திருவிழாவின் முதுகெலும்பு பரதவர்கள். முத்துக்குளித்துறையில் மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்த சமூகம். 1530-களில் முத்துச் சலாபத்தின்மேல், அதாவது முத்துக்குளிக்கும் கடற்பரப்பின்மேல், ஆளாளுக்குக் கண்வைத்துச் சண்டை மூண்டபோது, போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டுக் கொச்சிக்கு ஆள் அனுப்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கடற்கரைக் கிராமங்கள் கூண்டோடு ஞானஸ்நானம் பெற்றன. பலர் நினைப்பதுபோலப் புனித சவேரியார் வந்தபின் அல்ல, அவர் இந்தக் கரையில் கால்வைத்ததே 1542-ல்தான்.

முத்துக்குளிப்பு என்றதும் சுறா ஞாபகம் வருகிறதா? வெனிஸ்காரர் மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்துபோனவர். கிடைக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு மந்திரவாதிக்கு என்று எழுதிவைத்திருக்கிறார். மந்திரவாதிக்கு என்ன வேலை? சுறாவின் வாயைக் கட்டுவது! கடல்கட்டி என்று அவருக்குப் பேர். அவர் கரையில் நின்று மந்திரம் சொல்லாமல் ஒருத்தரும் கடலில் குதிக்கமாட்டார்கள். கத்தோலிக்கர் ஆனபிறகும் குதிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. வெள்ளைக்கார சர்க்காரும் வாயை மூடிக்கொண்டு கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. அதையும் தூக்கிச் சாப்பிடும் செய்தி ஒன்று: 1859-ல் இலங்கையைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்ட எமர்சன் டெனன்ட், மன்னார்ப் பக்கத்துச் சலாபத்தில் இந்தப் பரம்பரைத் தொழிலைச் செய்துவந்த குடும்பத்தின் அன்றைய தலைவரே ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று பதிவுசெய்கிறார்! ஜெபமாலையும் உண்டு, சுறா மந்திரமும் உண்டு. முத்தெடுக்கப்போனவர்கள் இதற்காக யாருடனும் சண்டைபோட்டதாகத் தெரியவில்லை. தமிழகக் கரையில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பனிமாதாவின் தங்கத்தேர்! ஐம்பதடிக்குமேல் உயரம். மரத்தில் எழுப்பி, மேலே தங்கம் பதித்தது. இதைச் செய்வித்தவர் வெளிநாட்டுப் பாதிரியார் அல்லர், பரதவர்களின் ஜாதித் தலைவர், பாண்டியபதி என்று பட்டம் கொண்டவர். தேர் தந்ததால் அவருக்குத் தேர்மாறன் என்றே பேர் நிலைத்துவிட்டது. 1806-ல் முதல் ஓட்டம். அன்றிலிருந்து 2023 வரை எத்தனை முறை ஓடியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நூறு? ஐம்பது? தூத்துக்குடிப் பேராலயக் கணக்குப்படி வெறும் 16 முறை! சாதாரண வருஷங்களில் மாதா சப்பரத்தில்தான் வருவார். தங்கத்தேருக்கு ஒரு காரணம் வேண்டும். 1955-ல் சுரூபம் வந்து 400 ஆண்டு நிறைந்தது. 1982-ல் கோயிலுக்குப் பேராலயப் பட்டம் கிடைத்தது. 2013-ல் கோயிலுக்கு வயது 300, 2023-ல் மறைமாவட்டத்துக்கு வயது 100. ஆண்டுதோறும் தேரிழுத்துப் பழகிய ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு இது கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் படும். ஆனால் பத்து வருஷம் காத்திருந்து வடத்தைத் தொட்டவரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

தேர் என்றால் அடுத்து ஆகஸ்ட் 15. கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா தேர். கடலே இல்லாத கரிசல்காட்டுக் கிராமம், ஆனால் அன்றைக்கு நம் பக்கத்திலிருந்தெல்லாம் சனம் வண்டிகட்டிக்கொண்டு போகும். அந்தக் கோயிலில் ஊழியம் செய்த இத்தாலிக்காரர் ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பேர்தான்: வீரமாமுனிவர்! 1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, பிற்காலத்தில் தேம்பாவணியும் சதுரகராதியும் செய்யப்போகிறவர், தமிழ் மண்ணில் வேலை பழகிய இடங்களில் இதுவும் ஒன்று.

அவர் பிறந்த நாட்டில் அதே ஆகஸ்ட் 15 அன்று என்ன நடக்கிறது? சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்கு வாருங்கள். எதிரே நீரிணை. அங்கே வாள்மீன் பிடிக்கும் படகுகளில் ஆளை நிறுத்திக் கடலை நோட்டம்விடுவதற்கென்றே வானுயரக் கம்பம் நட்டிருப்பார்கள். அந்த ஊரில் மாதாவுக்கு ‘வாரா’ என்று ஒரு தேர். நம் தேர்போலவே தட்டுத்தட்டாக மேலேறி, நாற்பதடிக்குமேல் நிற்கும், டன் கணக்கில் கனக்கும். உச்சியில் மாதாவின் ஆன்மாவை இயேசு கையில் ஏந்தி நிற்பார். எல்லாம் சரி, கீழே குனிந்து பார்த்தால் சக்கரமே இல்லை!

பிறகு எப்படி ஓடுகிறது? அடியில் இரும்புச் சறுக்கு. தெருவெல்லாம் தண்ணீரைக் கொட்டி வழுக்கலாக்கிவிடுகிறார்கள். நூறு மீட்டருக்கும் மேல் நீளும் வடங்களை ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலோடு பிடித்து, ‘விவா மரியா’ என்று கத்திக்கொண்டே இழுக்க, தேர் உரசிக்கொண்டு போகிறது. நேர்த் தெருவில் கவலையில்லை. கடைசியில் பேராலயத்துக்குத் திரும்பும் அந்த ஒரு முக்கில்தான் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ரத வீதி முக்கில் தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மூரில் அந்த நேரத்துக்கு ராஜா முட்டுக்கட்டை போடுகிறவர். சக்கரத்துக்கு அடியில், இம்மி பிசகினாலும் கால்போகும் இடத்தில் குனிந்து, கட்டையைச் செருகி, தேரை இஷ்டப்பட்ட பக்கம் திருப்புவார். சக்கரம் இல்லாத மெசினாவில் அவருக்கு வேலையே இல்லை, எல்லாம் வடத்துக்காரர்கள் பாடு. போதாக்குறைக்கு, ஒரு காலத்தில் இந்த வாராவின் சுழலும் தட்டுகளில் நிஜக் குழந்தைகளையே தேவதைகளாகக் கட்டி உட்காரவைத்துச் சுற்றவிட்டார்களாம்! நல்லவேளை, இப்போது பொம்மைகள்தான்.

இன்னும் கேளுங்கள். செப்டம்பர் 7 மாலை வேளாங்கண்ணியில் பெரிய தேர், மறுநாள் 8-ஆம் தேதி திருவிழா. அதே நாளில் இத்தாலியின் மோல்பெத்தா என்ற மீன்பிடி ஊரில், மீன்படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றின்மேல் மாதாவை ஏற்றிக் கடலிலேயே பவனி. பிழைக்கப்போன மோல்பெத்தாக்காரர்கள் சும்மா இருந்தார்களா? ஆஸ்திரேலியாவின் பிரிமேன்டில் துறைமுகத்தில் 1948-ல் அந்த வழக்கத்தைக் கொண்டுபோய் நட்டுவிட்டார்கள், இன்றும் நடக்கிறது. ஊரை விட்டாலும் திருவிழாவை விடாத குணம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

கடைசியாக ஒன்று, வயிற்றுக்கு. ஜெனோவாவுக்குப் பக்கத்தில் காமோலி என்ற மீனவர் ஊர். மே மாதம் இரண்டாம் ஞாயிறு, மீனவர்களின் காவலர் புனித பொர்துனாத்தோவின் விழாவையொட்டி, 1952 முதல் ஒரு கூத்து நடக்கிறது: நாலு மீட்டர் அகல வாணலியில் எண்ணெய் காய்ச்சி, டன் கணக்கில் மீன் பொரித்து, வந்தவர்களுக்கெல்லாம் பங்கு! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பால்கோவாவையும் ஆடிப்பூரத்தன்று இப்படி நாலு மீட்டர் சட்டியில் கிண்டி ஊருக்கே கொடுத்தால் என்ன என்று கடைத்தெருவில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்குமுன், “சட்டியைக் கழுவுறது யாரு?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.