எண்ணெய்க் கிணற்றுக்குள் ஓர் அடுப்பு!



மார்கழிக் குளிரில் நம்ம ஜவ்வாது மலையில தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்க. ஒரு சொட்டு விழாது! வெயிலில் வைத்தால் இளகி ஓடும். பூமிக்குள் கிடக்கும் கச்சா எண்ணெயிலும் இப்படி ஒரு பிடிவாதக்கார ரகம் உண்டு. அதுதான் கன எண்ணெய். அது உறைவதில்லை. ஆனால் பாகு மாதிரி கெட்டியாக இருப்பதால் பாறையின் நுண்துளைகளை விட்டு லேசில் நகராது.

குஜராத்தில் மெஹ்சானா பக்கம் பலோல், சந்தால் என்ற எண்ணெய் வயல்கள் இருக்கின்றன. அங்கே எண்ணெய் சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பலோலில் சாதாரண முறையில் எடுத்தால் 100 லிட்டருக்குச் சுமார் 13 லிட்டர்தான் கிடைக்கும். மீதி பாறைக்குள்ளேயே தங்கிவிடும். நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறோம். அப்படியிருக்க, இதை விட்டுவிட முடியுமா?

சரி, மேலே தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவியை உள்ளே அனுப்பினால் என்ன? அனுப்பலாம். ஆனால் ஆழம் அதிகமானால் சூடு வழியிலேயே குறைந்துவிடும். அதனால் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் பாறைக்குள்ளேயே தீ மூட்டியது! காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால் எண்ணெயில் ஒரு பகுதி எரியும். அந்தச் சூட்டில் மற்றது இளகும். பலோலில் 1990-இல் சோதனை தொடங்கியது. 1997-இல் இரண்டு வயல்களிலும் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது.

எண்ணெயை எரிக்காமலே சூடு உண்டாக்க முடியாதா? முடியும்!

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும் அல்லவா? அதுதான் வெப்ப உமிழ் வினை. அதே போல, சோடியம் நைட்ரைட் கரைசலையும் அம்மோனியம் குளோரைடு கரைசலையும் தனித்தனியாக உள்ளே அனுப்பி, சிறிது அமிலம் சேர்த்து வினைபுரிய வைக்கிறார்கள். அம்மோனியம் குளோரைடு வேறொன்றுமில்லை, ஈயம் பூசுறவங்க வைத்திருக்கும் நவச்சாரம்தான். வினையில் கிடைப்பவை நைட்ரஜன் வாயு, சாதாரண உப்பு, தண்ணீர். கூடவே நிறைய வெப்பம்!

கணக்கைப் பாருங்க: 69 கிராம் சோடியம் நைட்ரைட், 53.5 கிராம் நவச்சாரம் சேர்ந்தால் 300 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வரும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்ட கொதிக்க வைக்க இது போதும். வெப்பம் எண்ணெயை இளக்கும். வாயு அதைத் தள்ளும். பிரேசிலில் கடலடிக் குழாய்களை அடைத்த மெழுகை உருக்கவும் இதே வினையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் குறையும் உண்டு. மேலேயே கலந்துவிட்டால் சூடு வீண். வேதிப்பொருளுக்குக் காசு வேண்டும். கிணற்றைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான் சூடேறும். அதற்கு அப்பால் உள்ள எண்ணெய் அசையாது. சூடாக்கும் செலவை விட, வரும் எண்ணெயின் மதிப்பு கூடினால்தான் லாபம்.

எச்சரிக்கை: சோடியம் நைட்ரைட் நஞ்சு. ஆய்வகத்தில் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது!

சிந்திக்க: பாறைக்குள் வெகுதூரம் சூடு பரவ என்ன வழி? பதிலை அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.