ஊரின் குரல் உறங்கிய இரவு

சிறு நகரங்களில் வாழ்வோருக்கு வானொலி வெறும் பாட்டுப் பெட்டியன்று. மழை வருமா, தானியம் என்ன விலைக்குப் போகிறது, பள்ளிக்கூடத்திற்கு விடுமுறையா என்பனவற்றையெல்லாம் ஊராருக்கு எடுத்துரைக்கும் வீட்டுத் துணை அது. ஆபத்து வேளையில் அந்தத் துணை வாய் திறவாதிருந்தால் என்னவாகும்? அமெரிக்காவின் மைனாட் நகரத்தார் அதனை அனுபவித்து அறிந்தனர்.

கனடா எல்லைக்கு அருகே, வட டக்கோட்டா மாநிலத்தில் உள்ளது மைனாட். கோதுமை விளையும் சமவெளி. அக்காலத்தில் மக்கள்தொகை 36 ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 2002 ஜனவரி 18 அன்று, நள்ளிரவு கடந்து 1.37 மணிக்கு, நகரின் மேற்கே சென்ற 112 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயிலில் 31 பெட்டிகள் தடம் புரண்டன. உரமாகப் பயன்படும் அம்மோனியாவை ஏற்றிச் சென்ற 5 கொள்கலன்கள் உடைந்து, சுமார் 5½ லட்சம் லிட்டர் வெளியேறிற்று. உறைபனிக் குளிரில் நச்சுப்புகை வீடுகளைச் சூழ்ந்தது. சில பகுதிகளில் மின்சாரமும் நின்றுபோனது.

அவ்வேளையில் மக்கள் அறிய வேண்டியிருந்தது ஒரே ஒரு செய்திதான்: 'வெளியே வராதீர்கள், கதவு சன்னல்களை அடைத்து, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.' விழித்தெழுந்தவர்கள் வானொலியைத் திருகினர். வழக்கமான நிகழ்ச்சியே ஒலித்துக்கொண்டிருந்தது! அவசர அறிவிப்புக்கென வகுக்கப்பட்டிருந்த கே.சி.ஜே.பி. நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தும் எவரும் எடுக்கவில்லை என்று காவல்துறையினர் கூறினர். நிலையத்தில் ஆள் இருந்தார், பொதுமக்களின் அழைப்புகளால் தொலைபேசி திணறிற்று, காவல்துறையினர் அவசர அறிவிப்புக் கருவியை முறையாக அமைத்துப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனத்தார் மறுத்துரைத்தனர். பிழை எவர் பக்கமாயினும், இழப்பு ஊராருக்கே. வீட்டை விட்டு வெளியேறித் தப்ப முயன்ற ஒருவர் உயிரிழந்தார். முந்நூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

இந்நிலை ஒரே இரவில் உருவானதன்று. விளம்பர வருவாயே வணிக வானொலியின் உணவு. சிற்றூரிலோ கடைகள் சில, வருவாயும் சிறிது. ஆகவே, பல நிலையங்களை ஒருவரே வாங்கி, எங்கோ ஓரிடத்தில் பதிவு செய்த குரலைப் பல ஊர்களுக்கு அனுப்பினால் செலவு குறையும். முன்பு அமெரிக்காவில் ஒரு நிறுவனம் நாடெங்கும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வரம்பை நீக்கிற்று. கிளியர் சேனல் என்ற நிறுவனம் ஏறத்தாழ 1,200 நிலையங்களுக்கு உரிமையாளராயிற்று. மைனாட்டின் 6 வணிக வானொலிகளும் அதன் கையிலேயே இருந்தன. ஆறு பெயர்கள், ஆயினும் முதலாளி ஒருவரே!

இதே கவலை ஆஸ்திரேலியாவிலும் எழுந்தது. அங்கு 2006இல் சட்டம் திருத்தப்பட்டு, நாட்டுப்புற வணிக வானொலிகள் அந்தந்த வட்டாரத்துக்குரிய நிகழ்ச்சிகளை நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் ஒலிபரப்ப வேண்டும் என்ற நிபந்தனை உரிமத்தில் சேர்க்கப்பட்டது. பின்னர் அது வேலை நாள்களில் பொதுவாக 3 மணி நேரம் என்றும், மிகச்சிறிய நிலையங்களுக்கு அரை மணி நேரம் என்றும் வரையறுக்கப்பட்டது. எனினும் அது பகற்பொழுதிற்கான கணக்கு. ஆபத்தோ பகல் பார்த்து வருவதில்லை.

இன்று கைப்பேசி இருக்கிறதே என்று நாம் எண்ணலாம். மின்சாரம் போய், கோபுரமும் செயலிழந்தால் கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டு. மின்கலத்தில் இயங்கும் சின்னஞ்சிறு வானொலியோ அப்போதும் பேசும். மறுமுனையில் பேசுவதற்கு ஆள் இருந்தால்! சிக்கனம் நல்லதே. வாசற்காவலனைக் குறைத்துச் சேர்க்கும் காசைச் சிக்கனம் என்று எவரேனும் சொல்வரோ? நம் ஊருக்கென ஒரு குரல் இருக்குமாயின், இரவில் அங்கே விழித்திருப்பவர் யார் என்பதை ஊரார் ஒருமுறையேனும் கேட்டறிந்து வைத்துக்கொள்வது நலம்.